லாஸ்பேட்டை ரன்வேயும் வாடகை பைலட்டும்

நம்ம லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரன்வே 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் எல்லாம் சரிப்படாது, விசிறி போட்ட ஏடிஆர், க்யூ400 மாதிரி சின்ன ப்ளேன்தான் வரும். அதனால "சின்ன ப்ளேனை யார் ஓட்டுறது?"ங்கற பழைய சண்டை நம்ம ஊர் சண்டையும்தான் மக்களே.

1981-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் சேர்ந்து சின்ன ஊர்களுக்காக வாயுதூத்னு தனிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. நஷ்டம். 1993-ல் இந்தியன் ஏர்லைன்சோட இணைச்சுட்டாங்க. இதுல பைலட்டுக்கு என்ன கவலைன்னா, அவர் வாழ்க்கையே சீனியாரிட்டி லிஸ்ட்தான். கோ-பைலட் எப்ப கமாண்டர் ஆவார், எந்த ப்ளேன் ஓட்டுவார், எல்லாம் அதுலதான். பக்கத்துல குறைஞ்ச சம்பளத்துல இன்னொரு கம்பெனி முளைச்சா, லிஸ்ட் அப்படியே நிக்கும், வேலை மட்டும் அங்க போயிடும்.

அமெரிக்க பைலட் யூனியன்கள் இதை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டாங்க. துணைக் கம்பெனி 76 சீட்டுக்கு மேல ஓட்டக்கூடாது, ப்ளேன் எண்ணிக்கையும் இத்தனைதான். 'ஸ்கோப் கிளாஸ்'னு பேரு.

இங்க அந்த பயத்தோட உச்சம் 1992 டிசம்பர். இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் ஸ்ட்ரைக். நிர்வாகம் வெளிநாட்டு ப்ளேன்களை 'வெட் லீஸ்'ல கொண்டு வந்துச்சு. அதாவது டிரைவரோட வண்டி வாடகைக்கு எடுக்கற மாதிரி, பைலட்டோட ப்ளேன். 1993 ஜனவரி 9, ஹைதராபாத்துல இருந்து போன உஸ்பெகிஸ்தான் டியூ-154 ஒண்ணு டெல்லி மூடுபனியில இறங்கறப்ப ரன்வேயை விட்டு விலகி, தலைகீழா கவுந்து எரிஞ்சது. உள்ள 165 பேர். ஒருத்தர் கூட சாகலை! மந்திரி மாதவராவ் சிந்தியா பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா பண்ணார். வாடகை பைலட்டாலதான் விபத்துன்னு நான் சொல்ல வரலை, பனி யாரையும் பாத்து வராது. ஆனா டிக்கெட்டுல ஒரு பேரு, காக்பிட்ல வேற ஆளுங்கறது பயணிக்கு அன்னிக்குதான் உறைச்சிருக்கும்.

அதோட நிக்கலை. 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் தன்னோட பழைய 737-களைக் கொடுத்து அலையன்ஸ் ஏர்னு துணைக் கம்பெனி போட்டுச்சு. பின்னால அது ஏடிஆருக்கு மாறி, 2015-ல் பெங்களூர்ல இருந்து நம்ம ஊருக்கே வந்துச்சு. சில மாசம்தான், நின்னு போச்சு. 2017 ஆகஸ்ட்ல உடான் திட்டத்துல ஸ்பைஸ்ஜெட் க்யூ400 ஹைதராபாத்துக்கு, அதுவும் நின்னுச்சு. 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ ஏடிஆர் 72 வந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. இண்டிகோ சின்ன ஏடிஆரை தனிக் கம்பெனிக்குத் தள்ளாம தானே ஓட்டுது. வெளிய குடுத்தது பெருசைத்தான்! 2023-ல் இஸ்தான்புல்லுக்கு துருக்கி ஏர்லைன்சோட போயிங் 777-ஐ பைலட்டோட சேத்து வாடகைக்கு எடுத்துச்சு. அந்த சைஸ் ப்ளேன் ஓட்டணும்னு காத்திருந்த நம்மூர் பைலட்டுக்கு எப்படி இருந்திருக்கும்?

டிஸ்கி: "வெளிநாட்டுக் கம்பெனி வேலையை இங்க உக்காந்து பாக்குற நீ அவுட்சோர்சிங் பத்தி பேசறியா"ன்னு பின்னூட்டத்துல கும்மாதீங்க. என் மேனேஜர் ஏற்கனவே கேட்டுட்டார் :-)