காங்கிறீட்டில் வெடிப்புக் கட்டுப்பாடு

காங்கிறீட்டில் வெடிப்புக் கட்டுப்பாடு என்பது, காங்கிறீட்டு (கான்கிரீட்) அமைப்புகளில் உண்டாகும் வெடிப்புகளின் அகலத்தை, தீங்கு விளைவிக்காத ஓர் எல்லைக்குள் வைத்திருப்பதாகும். வெடிப்புகள் விரிசல்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. இவற்றைக் கட்டுப்படுத்துவதற்கு முதன்மையாகப் பயன்படுவது உருக்குக் கம்பிகளாலான வலுவூட்டல் ஆகும். கம்பி இட்ட காங்கிறீட்டு வெடிக்காது என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில், உருக்கு வெடிப்பைத் தடுப்பதில்லை. அகன்ற ஒரு வெடிப்பு ஏற்படக்கூடிய இடத்தில், மெல்லிய பல வெடிப்புகள் பரவலாக ஏற்படும்படி செய்வதே அதன் பணியாகும்.

வெடிப்பு ஏற்படுவதற்கான காரணங்கள்

காங்கிறீட்டு அமுக்கவிசையை நன்கு தாங்கும். ஆனால், அதன் இழுவலிமை அமுக்கவலிமையின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. இதனால், இழுவிசை உண்டாகும் இடங்களில் அது எளிதில் வெடிக்கிறது. இழுவிசை பின்வரும் காரணங்களால் உண்டாகலாம்:

* சுமை: சுமை தாங்கும் உத்திரம் வளையும்போது, நடுப்பகுதியில் அதன் அடிப்பக்கம் இழுவிசைக்கு உள்ளாகிறது.
* உலர்சுருக்கம்: இறுகிய காங்கிறீட்டு ஈரத்தை இழந்து சுருங்குகிறது. சுருங்க விடாமல் அடித்தளமோ தூண்களோ அதைப் பிடித்துக்கொண்டால் இழுவிசை ஏற்படும்.
* வெப்பநிலை மாற்றம்: சிமெந்து நீருடன் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. தடித்த சுவர்கள் பின்னர் குளிரும்போது சுருங்கி வெடிக்கக்கூடும்.

உருக்கு வெடிப்பைத் தடுக்காமைக்குக் காரணம்

காங்கிறீட்டு ஏறத்தாழ 0.0001 முதல் 0.00015 வரையான இழுவிகாரத்தில் வெடித்துவிடுகிறது. அதனுடன் ஒட்டியுள்ள கம்பியும் அதே அளவே நீள்கிறது. உருக்கின் மீள்தன்மைக் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன் ஆகையால், அந்நிலையில் கம்பியில் ஏற்படும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 20 முதல் 30 நியூட்டன் மட்டுமே. பொதுவாகப் பயன்படும் முறுக்குக் கம்பிகளின் இளகு வலிமை 415 அல்லது 500 நியூட்டன் ஆகும். அதாவது, கம்பி தனது வலிமையில் மிகச் சிறு பகுதியைப் பயன்படுத்தும்போதே காங்கிறீட்டு வெடித்துவிடுகிறது. கம்பியின் உண்மையான பணி அதன் பின்னரே தொடங்குகிறது.

செயற்படும் முறை

வெடிப்பு ஏற்பட்ட இடத்தில் காங்கிறீட்டு இழுவிசையைத் தாங்குவதில்லை. முழு விசையையும் கம்பியே தாங்குகிறது. வெடிப்பிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, கம்பிக்கும் காங்கிறீட்டுக்கும் இடையிலான பிணைப்பின் மூலம் விசை மீண்டும் காங்கிறீட்டுக்கு மாறுகிறது. ஓரளவு தூரத்தில் காங்கிறீட்டின் இழுவலிமை மீண்டும் எட்டப்பட்டு, அடுத்த வெடிப்புத் தோன்றுகிறது. இவ்வாறு வெடிப்புகள் வரிசையாக உருவாகின்றன.

எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் நீளமான சுவர் ஒன்றின் சுருக்க விகாரம் 0.0003 எனக் கொண்டால், மொத்தச் சுருக்கம் 3 மில்லிமீட்டர் ஆகும். சுவர் சுருங்க முடியாதபடி முற்றாகப் பிடிக்கப்பட்டிருந்து, இச்சுருக்கம் முழுவதும் ஒரே வெடிப்பாக வெளிப்பட்டால் அதன் அகலம் 3 மில்லிமீட்டராக இருக்கும். அதுவே 15 வெடிப்புகளாகப் பகிரப்பட்டால், ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. இது எளிமையாக்கப்பட்ட கணக்கு எனினும், வலுவூட்டலின் பயனை விளக்கப் போதுமானது.

கம்பிகளின் அளவும் பரம்பலும்

முதல் வெடிப்பு ஏற்பட்டதும் கம்பி இளகிவிட்டால், புதிய வெடிப்புகள் தோன்றாமல் அந்த ஒரு வெடிப்பே மேலும் விரியும். எனவே, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் காங்கிறீட்டின் பரப்புக்கும் உள்ள விகிதம், காங்கிறீட்டின் இழுவலிமையை உருக்கின் இளகு வலிமையால் வகுத்துப் பெறும் எண்ணுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இழுவலிமை 1.5 நியூட்டனாக உள்ள இளங்காங்கிறீட்டுக்கும் 415 நியூட்டன் கம்பிக்கும் இது ஏறத்தாழ 0.36% ஆகும். சாதாரணத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 456:2000 விதிக்கும் குறைந்த அளவு, முறுக்குக் கம்பிக்கு 0.12% ஆகும். சுருங்குவதற்குப் பெரும் தடையுள்ள நீர்த்தொட்டிச் சுவர் போன்றவற்றுக்கு இந்த அளவு போதாது.

அளவைப் போலவே பரம்பலும் முக்கியமானது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பியின் பரப்பும், 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு கம்பிகளின் பரப்பும் சமம். ஆனால், காங்கிறீட்டுடன் ஒட்டும் மேற்பரப்பு நான்கு கம்பிகளுக்கு இரு மடங்காகும். ஆகவே, மெல்லிய கம்பிகளை நெருக்கமாக இடும்போது வெடிப்புகள் மெல்லியனவாக அமைகின்றன. ஐஎஸ் 456:2000 இன்படி, தளங்களின் முதன்மைக் கம்பிகளுக்கு இடையிலான தூரம் 300 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது.

ஏற்கத்தக்க அகலம்

அதே தரநிலை பின்வரும் உச்ச அகலங்களைக் குறிப்பிடுகிறது:

* பொதுவாக: 0.3 மில்லிமீட்டர்
* தொடர்ந்து ஈரத்துக்கு உட்படுபவை, மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பவை: 0.2 மில்லிமீட்டர்
* கடுமையான சூழலில்: 0.1 மில்லிமீட்டர்

அகன்ற வெடிப்புகளின் வழியே நீரும் உப்பும் கம்பியை எளிதில் அடைகின்றன. துருவின் கனவளவு அது உருவான இரும்பின் கனவளவைவிடக் கூடியது. ஆதலால், துருப்பிடிக்கும் கம்பி சுற்றியுள்ள காங்கிறீட்டைப் பிளந்து உதிரச் செய்கிறது. வெடிப்பைக் கட்டுப்படுத்த இட்ட கம்பியே இந்நிலையில் வெடிப்புக்குக் காரணமாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க, கம்பியின் மேல் போதிய தடிப்பில் காங்கிறீட்டு மூடியிருக்கவேண்டும். இது கட்டுமானத் துறையில் கவர் எனப்படுகிறது.

வலுவூட்டலின் வரம்புகள்

காங்கிறீட்டு இறுகுவதற்கு முன், முதற் சில மணி நேரங்களில் மேற்பரப்பு விரைவாக உலர்வதால் ஏற்படும் வெடிப்புகளைக் கம்பிகள் கட்டுப்படுத்துவதில்லை. அந்நேரத்தில் பிணைப்பு உருவாகியிருப்பதில்லை. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மேற்பரப்பைக் காப்பதே இதற்கு வழியாகும். இறுகிய பின்னரும் அதை ஈரமாக வைத்திருக்கவேண்டும். ஐஎஸ் 456:2000 இதற்குச் சாதாரண போர்ட்லண்ட் சிமெந்தாயின் குறைந்தது 7 நாட்களும், வறண்ட வெப்பமான காலநிலையில் குறைந்தது 10 நாட்களும் விதிக்கிறது. கலவையில் தேவைக்கு மேல் நீர் சேர்ப்பது உலர்சுருக்கத்தைக் கூட்டும். அதனால் விளையும் கேட்டைக் கூடுதல் கம்பி இட்டு முழுமையாக ஈடுசெய்ய முடியாது.