மயிலாப்பூர் மேல்தளமும் மாற்றுப்பொருளும்

மயிலாப்பூர் மாடவீதிகளின் பழைய வீடுகளில் காணப்படும் 'மெட்ராஸ் ஒட்டு' என்னும் மேல்தளம், தேக்கு உத்திரங்களின் மீது மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்திட்டு நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடிக்கப்பட்டதாகும். இச்சுண்ணாம்புக்கு மாற்றாக வந்த சிமென்ட்டை இந்தியாவில் தொடக்கக் காலத்திலேயே உற்பத்தி செய்ய முயன்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. 1904-இல் கடற்சிப்பிகளைக் கொண்டு தொடங்கிய அம்முயற்சி நிலைக்கவில்லை. பழைய சுண்ணாம்பும் கிளிஞ்சலைச் சுட்டே பெறப்பட்டது என்பதால், மாற்றுப்பொருள் தான் வெளியேற்றவிருந்த பொருளின் மூலத்திலிருந்தே பிறக்கப் பார்த்தது எனலாம்.

இந்தப் பொருள் மாற்றம், பழைய வீடுகளின் நடுவே எழும் புதுக்கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்புகிறது. பழம்பகுதியில் எழும் புதுக்கட்டடம் பழையதோடு இசைந்தும் அதிலிருந்து வேறுபட்டும் தோன்ற வேண்டும் என்ற நெறியை அமெரிக்க அரசு வகுத்துள்ளது. சென்னையில், அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பும், 2012-இன் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டமும் பழைய கட்டடத்தைக் காப்பதையே முதன்மையாகக் கருதின. பக்கத்து மனையின் புதுச்சுவர் எப்பொருளால் ஆனது என்பது பின்தங்கியே நின்றது. ஆனால் தோற்றத்தைவிடப் பொருளின் இயல்பே இங்கு முக்கியம்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிடும், அதன்மேல் பூசிய சிமென்ட் அதைத் தடுப்பதால் உள்ளிருக்கும் செங்கல் பொரிந்து உதிரும்.