ஹெட்செட் அணிந்தவரும் அணியாதவரும் சேர்ந்து ஆடும் மெய்நிகர் விளையாட்டுகள்

வி.ஆர். ஹெட்செட் என்பது கண்களை முழுவதும் மறைக்குமாறு தலையில் மாட்டிக்கொள்ளும் திரைக்கருவி ஆகும். இதை அணிந்தவர் மெய்நிகர் உலகின் உள்ளே நிற்பதாக உணர்கிறார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. ஹெட்செட் இல்லாதவர் அதே உலகைக் கணினியின் அல்லது கைப்பேசியின் தட்டைத் திரையில் காண்கிறார். இவ்விரு தரப்பினரையும் ஒரே ஆட்டத்தில் சேர்க்கும் விளையாட்டுகள் 2015-க்குப் பின் பெருகின. கருவி இல்லாதவருக்கு ஆட்டத்தில் என்ன பங்கு தருவது என்பதே இவற்றின் வரலாறு நெடுகிலும் எழும் கேள்வி. சமமற்ற நிலையில் இருப்பவர்களை ஒன்றுசேர்க்கும் இக்கேள்விக்கு ஆடுபுலி ஆட்டத்திலும் திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவிலும் பழைய விடைகள் உள்ளன.

ஆடுபுலி ஆட்டம்

சதுரங்கத்திலும் தாயத்திலும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே வகையான காய்களும் ஒரே விதிகளும் உண்டு. ஆடுபுலி ஆட்டம் அப்படிப்பட்டதன்று. ஒருவரிடம் மூன்று புலிகள், மற்றவரிடம் பதினைந்து ஆடுகள். புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. ஆனால் ஆடுகள் நெருங்கி நின்று புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. புலிக்காரர் வேட்டையாடுகிறார், ஆட்டுக்காரர் வேலி கட்டுகிறார். இருவர் செய்யும் வேலையும் வேறு, வெற்றியின் பொருளும் வேறு. இருந்தும் ஆட்டம் நியாயமாகவே அமைகிறது. இத்தகைய ஆட்டங்களை இன்றைய வடிவமைப்பாளர்கள் சமச்சீரற்ற விளையாட்டுகள் என்கின்றனர்.

திருவண்ணாமலைத் தீபம்

கார்த்திகை மாதத்தில் 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. மாலை 6 மணியளவில் அருணாசலேசுவரர் கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் எழுந்தருளிக் காட்சி தருவார். அவ்வேளையிலேயே மலையுச்சியில் சுடர் எழும். கோயிலுக்குள் நிற்பவர் காண்பது ஒன்று; 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்பவர் காண்பது மற்றொன்று. தொலைவில் மொட்டை மாடியில் நிற்பவருக்குத் தெரிவது சிறு ஒளிப்புள்ளி மட்டுமே. சுடரைக் கண்டதும் வீடுகளில் அகல் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. மலையேற முடியாதவரும் வாசலில் விளக்கேற்றி நிகழ்வில் பங்கு பெறுகிறார்.

2020-இல் கொரோனா கட்டுப்பாடுகளால் மகாதீப நாளில் வெளியூர்ப் பக்தர்கள் அனுமதிக்கப்படவில்லை. பலர் நேரலையில்தான் கண்டனர். 2024 டிசம்பரில் ஏற்பட்ட மண்சரிவைத் தொடர்ந்து, அந்த ஆண்டும் பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. நேரலை காட்சியைத் தந்தது. ஆனால் பார்ப்பவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. அவருடைய பங்கு வாசலில் ஏற்றிய அகலில்தான் இருந்தது. பார்வையாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள இந்த வேறுபாடே மெய்நிகர் விளையாட்டுகளிலும் பின்னர் முதன்மைச் சிக்கலாயிற்று.

தொடக்க காலம்

1991-இல் பிரிட்டனின் வர்ச்சுவாலிட்டி நிறுவனம் விளையாட்டுக் கூடங்களுக்கான மெய்நிகர் இயந்திரங்களை வெளியிட்டது. அவற்றில் ஒருவரோடு ஒருவர் ஆட முடிந்தது. ஆனால் எல்லோரும் இயந்திரத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே நின்றவர் வேடிக்கை பார்த்தார். 2012-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் கருவிக்கு மக்களிடம் நிதி திரட்டப்பட்டபோது இத்துறை மீண்டும் உயிர்பெற்றது. 2016-இல் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். ஆகிய மூன்றும் விற்பனைக்கு வந்தன.

ஹெட்செட் இல்லாதவருக்குத் தனி வேலை தந்த முன்னோடி 2015-இல் வெளிவந்த ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’. கனடாவைச் சேர்ந்த ஸ்டீல் கிரேட் கேம்ஸ் இதை உருவாக்கியது. ஹெட்செட் அணிந்தவர் முன் வெடிகுண்டு இருக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்யும் முறை அவருக்குத் தெரியாது. மற்றவர்களிடம் கையேடு இருக்கிறது. வெடிகுண்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பேசிப் பேசியே நேரம் முடிவதற்குள் வழி காண வேண்டும். கையேட்டைத் தாளில் அச்சிட்டே ஆடலாம் என்பதால் மற்றவர்களுக்குத் திரைகூடத் தேவையில்லை. ஹெட்செட் வெளியுலகை மறைக்கிறது என்ற குறையே இங்கு ஆட்டத்தின் அடிப்படையாயிற்று.

ஆளில்லாத அரங்குகள்

2016-இல் வெளிவந்த பல விளையாட்டுகள் ஹெட்செட் உள்ளவர்களை மட்டுமே நம்பின. கருவியின் விலை அதிகம் என்பதால் ஆட்டக்காரர்கள் குறைவு. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் எதிராளி கிடைக்காவிட்டால் ஆட்டமே இல்லை. விண்வெளிப் போர் விளையாட்டான ‘ஈவ்: வால்கிரி’ 2016-இல் வந்தது, 2017-இல் ஹெட்செட் இல்லாதவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 2017 மே மாதம் வந்த ‘ஸ்டார் டிரெக்: பிரிட்ஜ் க்ரூ’ அதே ஆண்டு டிசம்பரில் அவ்வாறே செய்தது. ஹெட்செட்டுக்கு மட்டும் என நின்ற ‘எக்கோ வி.ஆர்.’, விசுவாசமான ஆட்டக்காரர்கள் இருந்தும் 2023 ஆகஸ்ட் 1 அன்று மூடப்பட்டது.

ஒரே உலகம், இரண்டு வாசல்கள்

இதன் பின் இரண்டு வழிகள் வளர்ந்தன. முதல் வழியில் இரு தரப்பினரும் ஒரே உலகில் ஒரே வேலையைச் செய்கின்றனர். ‘ரெக் ரூம்’ 2016-இல் ஹெட்செட் விளையாட்டாகத் தொடங்கி, பின்னர் சாதாரணத் திரைகளுக்கும், 2019-இல் ஐபோனுக்கும், 2021-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ எதிர்த்திசையில் சென்றது; திரை விளையாட்டாக இருந்த அதில் 2019-இல் ஹெட்செட் வசதி சேர்க்கப்பட்டது. 2020-இல் வந்த ‘ஃபாஸ்மோஃபோபியா’வில் நால்வர் பேய் வீட்டுக்குள் செல்கின்றனர், அவர்களில் யார் ஹெட்செட் அணிந்திருந்தாலும் ஆட்டம் நடக்கும்.

இரண்டாம் வழி ஆடுபுலி ஆட்டத்தின் வழி. 2019-இல் ஸ்வீடனின் ரெசல்யூஷன் கேம்ஸ் வெளியிட்ட ‘ஏக்ரான்: அட்டாக் ஆஃப் த ஸ்குவிரல்ஸ்’ விளையாட்டில் ஹெட்செட் அணிந்தவர் ஒரு பெரிய மரம், கைப்பேசி வைத்திருக்கும் எட்டுப் பேர் வரை அணில்கள். மரத்துக்கு வலிமை உண்டு, இடம்விட்டு நகர முடியாது. அணில்கள் சிறியவை, ஆனால் பல திசைகளிலிருந்து வந்து கொட்டைகளைத் திருடும். ஒரு வீட்டில் ஒரே ஹெட்செட் இருந்தால் போதும். மற்றவர்கள் தங்கள் கையிலுள்ள கைப்பேசியிலேயே ஆடலாம்.

வடிவமைப்பில் எழும் சிக்கல்கள்

உடல்: ஹெட்செட் அணிந்தவரின் தலையசைவும் இரு கைகளின் அசைவும் உருவத்தில் அப்படியே தெரியும், கையசைத்து அழைக்கலாம், சுட்டிக்காட்டலாம். திரையில் ஆடுபவரின் உருவம் மரப்பொம்மைபோல் நிற்கும். எனவே அவருக்குக் கையசைக்கவும் சுட்டவும் தனிப் பொத்தான்கள் தரப்படுகின்றன.

நகர்வு: உடல் அசையாதிருக்கக் கண்முன் காட்சி மட்டும் விரைந்து நகர்ந்தால் ஹெட்செட் அணிந்தவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அதனால் பலர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிச் செல்லும் முறையைத் தேர்கின்றனர். திரையில் ஆடுபவர் ஓடிச் செல்வார். போட்டி விளையாட்டில் இவ்விரண்டின் வேகத்தையும் ஒப்பச் செய்வது கடினம்.

குறி: மவுஸ் பிடித்தவர் நொடியில் குறி வைப்பார். கையை நீட்டிக் குறி வைப்பவருக்குக் கை நடுங்கும். ஆனால் அவர் சுவருக்குப் பின்னிருந்து தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்க முடியும்.

காலத்தாழ்வு: தலை திரும்பியதும் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். இணையத்தின் மறுமுனைச் செய்திக்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே தலையசைவுக்கான காட்சியை ஹெட்செட் தானே உடனுக்குடன் வரைகிறது. மற்ற ஆட்டக்காரர்களின் நிலை மட்டுமே இணையம் வழி வருகிறது.

உரையாடல்: ஹெட்செட்டில் தட்டச்சு செய்வது சிரமம், பேசுவது எளிது. பேருந்திலோ பலர் இருக்கும் அறையிலோ கைப்பேசியில் ஆடுபவருக்கு நிலைமை நேர்மாறு.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ஹெட்செட் அரிது, கைப்பேசி பரவலானது. இந்நிலையில் பலரையும் ஈர்த்த மெய்நிகர் நிகழ்வு, திருவண்ணாமலை மாவட்டத்தை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்தது. 2022 பிப்ரவரி 6 அன்று சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு திருமணமும், அதைத் தொடர்ந்து மெட்டாவெர்ஸ் எனப்படும் மெய்நிகர் உலகில் வரவேற்பும் நடைபெற்றன. கொரோனா கட்டுப்பாடுகளால் நேரில் அழைக்க முடியாத விருந்தினர்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நுழைந்து, தத்தம் உருவங்களுடன் மாய மாளிகை ஒன்றில் கூடினர். முந்தைய ஆண்டு மறைந்த மணமகளின் தந்தைக்கும் அங்கு ஓர் உருவம் அமைக்கப்பட்டிருந்தது. இது விளையாட்டு அன்று. எனினும் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டின் முறையிலேயே அமைந்தது. நுழைவதற்கு ஹெட்செட்டைக் கட்டாயமாக்கியிருந்தால் விருந்தினர் பலர் வாசலிலேயே நின்றிருப்பர்.

2023-இல் ஜியோ நிறுவனம் கைப்பேசியைப் பொருத்திப் பயன்படுத்தும் ஜியோடைவ் என்னும் கருவியை ரூ.1,299-க்கு வெளியிட்டு, ஐ.பி.எல். கிரிக்கெட்டை மெய்நிகர் காட்சியாகக் காண வழி செய்தது. விலை குறைந்தது. ஆயினும் தீப நேரலையைப் போலவே இதிலும் காண்பவர் பார்வையாளராகவே இருந்தார்.

மதிப்பீடு

திரையில் ஆடுபவருக்கு ஹெட்செட் அனுபவத்தின் மங்கிய நகலை மட்டும் தரும் விளையாட்டில் அவர் இரண்டாந்தர ஆட்டக்காரராகிவிடுகிறார். அவர் இருக்கும் இடத்திலிருந்து அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தரும்போது கருவியின் விலை ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. வெடிகுண்டுக் கையேட்டை வைத்திருப்பவர், கொட்டை திருடும் அணில், புலியை அடைக்கும் ஆடு ஆகியோர் இல்லாமல் எதிரே இருப்பவருக்கும் ஆட்டமில்லை. அண்ணாமலையின் சுடரைத் தொலைவிலிருந்து கண்டு வாசலில் அகல் ஏற்றுபவரின் இடமும் அத்தகையதே.