பாலம் வந்த வருடம் வந்த சட்டம்



டுபாயில் சாரதியாக வேலை செய்யும் எனது பழைய மாணவர் ஒருவர் லீவில் கிண்ணியாவுக்கு வந்திருந்தார். "சேர், அங்கே ஒரு வருடத்துக்குள் 24 கறுப்புப் புள்ளி சேர்ந்தால் லைசன் போய்விடும். அளந்து அளந்துதான் ஓடுவோம். ஊருக்கு வந்தால் ஹெல்மெட் கூட ஞாபகம் வருவதில்லை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மனிதர், இரண்டு நாட்டில் இரண்டு விதமாக ஓடுகிறார். ஏன் என்று தேடினால் அது ஒரு நூற்றாண்டுக் கதை.

பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் சாரதிக்கு லைசனைக் கட்டாயமாக்கியது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அதை அந்த லைசனிலேயே எழுதும் முறையும் அதனுடன் வந்தது. அடுத்த முறை நீதவான் அதைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வார். நமது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். லைசனில் குறிப்பு எழுதவும், அதை இடைநிறுத்தவும், ரத்துச் செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பிறகு சிறிய குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே தண்டம் எழுதும் முறை வந்தது. நம் எல்லோருக்கும் பழக்கமானது இதுதான். பொலிஸ் லைசனை எடுத்துக்கொண்டு சீட்டு எழுதித் தருவார். 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் பணம் கட்டி, ரசீதைக் காட்டி லைசனைத் திருப்பி எடுப்போம். பிந்தினால் இரட்டிப்பு, அதையும் தவறவிட்டால் கோட்டுக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் ரசீதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பத்தாவது தடவை பிடிபட்டவரும் முதல் தடவை பிடிபட்டவரும் அதே தொகையைக் கட்டுகிறார்கள்.

மற்ற நாடுகள் இந்தக் குறையைப் பார்த்துத்தான் இரண்டு விடயங்களைச் சேர்த்தன. ஒன்று புள்ளிக் கணக்கு. மற்றது சாரதிகளுக்கான சீர்திருத்த வகுப்பு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அந்த வகுப்புக்குப் போனால் வருடத்துக்கு ஒரு முறை 8 புள்ளிகள் குறையும். இங்கிலாந்தில் அளவோடு வேகம் மீறியவர், பொலிஸ் வாய்ப்புக் கொடுத்தால், வகுப்புக்குக் காசு கட்டிப் போகலாம். தண்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்குள் மீண்டும் அதே குற்றத்தில் பிடிபட்டால் அந்த வாய்ப்புக் கிடைக்காது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தண்டத்தையும் கட்ட வேண்டும், வகுப்புக்கும் போக வேண்டும். அப்போதுதான் அந்தக் குற்றம் காப்புறுதிக் கம்பனியின் கண்ணில் படாது. அதுவும் 18 மாதத்துக்கு ஒரு முறைதான்.

2024 ஓகஸ்டில் பாடசாலை தொடங்கிய முதல் நாளில் எமிரேட்ஸ் செய்ததை ஆசிரியனாக நான் மறக்கவில்லை. உறுதிமொழி எடுத்து, அன்று விபத்தும் குற்றமும் இல்லாமல் ஓடியவர்களுக்கு 4 புள்ளிகளைக் கழித்தார்கள். பிள்ளைகள் ரோட்டில் இறங்கும் நாள் என்பதால்.

நமது நாட்டிலும் புள்ளி முறைக்குச் சட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அது. அதே 2009 ஒக்டோபர் 20ஆம் திகதிதான் 396 மீற்றர் நீளமான நமது கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. அதுவரை பாதைக்காக வரிசையில் காத்து நின்ற நாம், அன்றிலிருந்து நிற்காமல் ஓடத் தொடங்கினோம். வேகம் உடனே வந்து சேர்ந்தது. புள்ளி முறையோ வருடக்கணக்காகக் காகிதத்திலேயே கிடந்தது. "விரைவில் நடைமுறை" என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்திருப்போம்! இலங்கை வீதிகளில் வருடத்துக்கு 2000 பேருக்கு மேல் மரணிக்கிறார்கள்.

நம்மிடம் தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. செய்ததற்கு வருந்த வேண்டும், உடனே நிறுத்த வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும். அடுத்தவருக்குப் பாதிப்பு என்றால் அதை ஈடுசெய்யவும் வேண்டும். தண்டச் சீட்டில் பணம் மட்டும்தான் இருக்கிறது. வருத்தமும் உறுதியும் வகுப்பறையில்தான் பிறக்கும்.

எனது வகுப்புப் பையன்கள் சிலர் லைசன் எடுக்கும் வயது வரும் முன்பே மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வருகிறார்கள். பிடிபட்டால் காசு வருவது கட்டாரிலிருந்து. ஓடியது மகன், கட்டியது வாப்பா. பாடம் யாருக்குப் போனது?

அரசாங்கம் வகுப்பு வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வளைகுடாவில் பல வருடம் ஒரு புள்ளியும் வாங்காமல் ஓடிய சாரதிகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். லீவில் வரும்போது ஒரு மணித்தியாலம் நமது பாடசாலைக்கு வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதை யோசிக்கலாம். வரக்கூடியவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். அதிபரிடம் பேசி நாள் எடுப்பது எனது பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.