வழி சொன்னவர்கள்: வானம் பார்த்த சீமையில் பயணச் செய்தியின் வரலாறு

மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் உள்ளடக்கிக் கிடக்கும் வறண்ட நிலப்பகுதி, பெருநகரம் எதையும் தன்னிடத்தே வளர்த்ததில்லை. ஆயினும், துணி விற்கவும் வழக்காடவும் திருவிழாக் காணவும் அந்நிலத்து மக்கள் பெருநகரை நாடிப் போய்க்கொண்டே இருந்தனர். போய்வந்தவர் போகவிருப்பவருக்குச் சொன்ன செய்திகளே, அச்சிட்ட வழிகாட்டி நூல்கள் பரவும் வரை, இந்தச் சீமையின் பயண நூலாக விளங்கின. எந்தக் கண்மாய்க் கரை வழியாகப் போவது, எந்த ஊருணியில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், எந்தச் சத்திரத்தில் இராத் தங்கலாம், நகருக்குள் நுழைந்தபின் எந்த வீதியைப் பிடித்து நடப்பது என்பவை வாய்மொழியாகவே கைமாறின. அவ்வாறு கைமாறிய செய்தியின் தரம் பாதையைப் பொறுத்து அமைந்ததைக் காட்டிலும் சொன்னவரைப் பொறுத்தே அமைந்தது என்பதற்குத் தமிழிலக்கியத்திலும் அண்மைக்கால வரலாற்றிலும் சான்றுகள் உண்டு.

தமிழில் வழி சொல்லுதல் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் நெறியை எடுத்துரைப்பது ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பயணிக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய செய்திகள் மிகுந்தது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். செங்கம் எனப் பிற்காலத்தில் வழங்கும் செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தரை அனுப்பும் இப்பாட்டு, வள்ளலின் புகழைச் சொல்வதற்கு ஈடாக வழியின் இடர்களையும் சொல்கிறது. தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த பொறிகளில் கால் வைத்துவிடாமல் விடிந்தபின் நடக்க வேண்டும் என்றும், புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்றும், பாம்புகள் பதுங்கும் இடங்களைப் பார்த்துக் கடக்க வேண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. போய்வந்தவன் வாயிலிருந்துதான் இத்தகைய எச்சரிக்கை வரும்; அரசவையில் இருந்தபடியே புகழ் பாடியவனுக்குப் பன்றிப் பொறி நினைவில் தோன்றாது.

இதன் மறுபக்கத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை காட்டுகிறது. மதுரையை நோக்கி நடக்கும் கோவலன், கண்ணகி, சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் ஆகிய மூவரும் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்தித்து வழி கேட்கின்றனர். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்றும், வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்லும் என்றும், இடப்பக்க வழி திருமால்குன்றமாகிய அழகர்மலைக்குச் செல்லும் என்றும், இடைப்பட்ட வழியில் கானுறை தெய்வம் ஒன்று தோன்றி மயக்கக்கூடும் என்றும் அவன் விளக்குகிறான். மூன்று வழிகளையும் அவன் ஒரே அளவில் விவரிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திருமால் கோயில்களைத் தரிசிக்கப் புறப்பட்டவனாதலால், திருமால்குன்றத்து வழியில் உள்ள மூன்று பொய்கைகளின் பெருமையையும் அவற்றில் மூழ்குவோர் பெறும் பேறுகளையும் விரித்துரைத்து, அவ்வழியையே அவர்கள் தேர்ந்துகொள்ளுமாறு தூண்டுகிறான். கவுந்தியடிகளோ அப்பேறுகள் தங்களுக்கு வேண்டா என மறுத்துவிட, மூவரும் இடைவழியிலேயே செல்கின்றனர். அவ்வழியில் அவன் சொன்னவாறே கானுறை தெய்வமும் கோவலன்முன் தோன்றுகிறது. மறையோன் தந்த செய்தி பிழையன்று. அதில் அவனுடைய சமயச் சார்பு கலந்திருந்தது, அவ்வளவே. சார்பை வடிகட்டிச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்ட கவுந்தியடிகள், தமிழிலக்கியம் காட்டும் பயணிகளுள் மிகத் தேர்ந்தவர் எனலாம்.

இலக்கியம் காட்டும் இவ்வழிகள் மதுரைக்கு வடக்கே அமைந்தவை. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு மலையும் காடும் பெரிய தடைகள் அல்ல. தண்ணீரே அவர்களுடைய முதற்கேள்வி. மேற்கு மலைகளில் தோன்றித் திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதி வழியாகக் கடலை நோக்கிச் செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சில நாள் கரை தொட்டு ஓடும். ஆற்றைக் கடக்கலாமா என்ற கேள்விக்கு ஐப்பசியில் ஒரு விடையும் மாசியில் வேறொரு விடையும் இருந்தன. கண்மாய் எனப்படும் பாசன ஏரி வற்றிக் கிடக்கையில் அதன் உள்வாயிலேயே குறுக்கே நடந்து தொலைவைக் குறைத்துக்கொள்ளலாம். நீர் பெருகிவிட்டால் கரையைச் சுற்றிக் கலுங்கைத் தாண்டி, அதாவது மிகைநீர் வழியும் கல்லணையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேற்கே கரிசல் மண் நனைந்துவிட்டால் வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மாட்டை நகரவிடாது. ஆதலால் இச்சீமையில் வழி கேட்பவர், சொல்பவர் எப்போது அவ்வழியே வந்தார் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டியிருந்தது.

பாதையோரத்து அமைப்புகளுள் சுமைதாங்கிக் கல் தனியே குறிப்பிடத்தக்கது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்காக ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையைக் கல்லின்மேல் தள்ளி இறக்கி வைத்து, இளைப்பாறியபின் மீண்டும் தலைக்கு வாங்கிக்கொள்ள அந்த உயரம் பொருந்தும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் இக்கற்களை நடுவது வழக்கமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனின் கழுத்துவலியை ஆற்றுமாறு அமைந்த இந்த ஏற்பாட்டைவிட நாகரிகமான நினைவுச் சின்னம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சுமை இறக்கிய இடத்தில் ஆட்கள் கூடுவர். கூடிய இடத்தில் செய்தி மாறும். கோடையில் தண்ணீர்ப் பந்தலும் வாரச் சந்தையும் இப்பணியையே செய்தன.

தொலைவைக் கல்லில் பொறிக்கும் வழக்கமும் தமிழகத்துக்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் கிடைத்த இடைக்காலக் காதக் கற்கள், நாவற்றாவளம் என்னும் ஊர் எத்தனை காதத் தொலைவில் உள்ளது என்பதை எழுத்தால் மட்டுமன்றிக் குழிகளாலும் காட்டுகின்றன. பத்தைக் குறிக்கப் பெரிய குழியும் ஒன்றைக் குறிக்கச் சிறிய குழியும் வெட்டப்பட்டிருப்பதால், எழுத்தறியாதவரும் விரலால் தடவியே தொலைவைக் கணக்கிடலாம். இதை ஒத்த எண்ணம் கொரியாவில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. 1861-இல் கிம் ஜியோங்கோ என்பவர் மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட்ட பெரிய நிலப்படம், மடித்து எடுத்துச் செல்லத்தக்க 22 ஏடுகளாக அமைந்தது. அதில் சாலைக் கோடுகளின்மேல் பத்து ‘ரி’க்கு ஒரு குறி இடப்பட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கொண்டது அந்தப் பத்து ரி. தலைநகர் சியோலுக்குப் புறப்பட்டவர், தம் பாதையிலுள்ள குறிகளை எண்ணிப் பயண நாளைக் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. குறியோ குழியோ தொலைவைச் சொல்லும். ஊருணி வற்றிவிட்டதா என்பதைச் சொல்லாது. வறண்ட நாட்டில் நிலப்படத்தைவிட ஆளை மக்கள் நம்பியதன் காரணம் அதுவே.

மதுரையை அடைந்தபின் செய்தியின் தன்மை மாறியது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மனைவியைக் கோட்டைக்கு வெளியே அடைக்கலமாக விட்டுவிட்டுக் கோவலன் தனியாக நகரைச் சுற்றிப் பார்க்கிறான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி வீதி, கூல வீதி எனக் கடைகள் பிரிந்திருப்பதும், பொன் வகைகள் மயங்காதவாறு பொன் கடைகளில் கொடிகள் கட்டப்பட்டிருப்பதும் அங்கே சொல்லப்படுகின்றன. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியோ, பகற்கடையாகிய நாளங்காடியையும் இரவுக்கடையாகிய அல்லங்காடியையும் தனித்தனியே வருணித்து, நேரத்துக்கு நேரம் நகரம் எவ்வாறு மாறும் என்பதைக் காட்டுகிறது. பிற்கால மதுரையில் புதியவருக்கு உதவியது வீதிகளின் அமைப்புத்தான். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி எனச் சதுரத்துக்குள் சதுரமாக அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்னும் திசைப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மாதப் பெயரால் கோயிலிலிருந்து எத்தனையாவது சுற்று என்பதும், திசைப்பெயரால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். எழுத்தறியாத நெசவாளி ஒருவருக்கும் கோபுரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டால் இந்நகரில் வழி தவறாது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபோது, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் உருவாயின. மாதக் கணக்குக்குள் அடங்காத இப்பெயர்களைப் புதியவர்கள் தனியே மனப்பாடம் செய்ய நேர்ந்தது.

இதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்தது. 1875-இல் மதுரையைத் தொட்ட பாதை, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் விருதுநகர் வழியாகத் தூத்துக்குடி வரை நீண்டது. ஆனால் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்பாதைக்குக் கிழக்கே ஒதுங்கிவிட்டன. அவ்வூரார் மாட்டு வண்டியில் வந்து ரயிலேற வேண்டியிருந்தது. நடைப்பயணத்துக்கு உரிய செய்தியும் ரயிலுக்கு உரிய செய்தியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இந்த இடைக்காலத்தைப் புரிந்துகொள்ள, திருச்சுழியில் பிறந்த ஒருவரின் பயணமே சிறந்த சான்றாக உள்ளது.

பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்ட வேங்கடராமன், 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில், வழக்கறிஞர் சுந்தரமய்யரின் மகனாகப் பிறந்தார். 1892-இல் தந்தை இறந்தபின் மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். 1895 நவம்பரில் உறவினரான முதியவர் ஒருவரிடம், எங்கிருந்து வருகிறீர்கள் என அவர் வினவியபோது, அருணாசலத்திலிருந்து என விடை கிடைத்தது. அருணாசலம் எங்கே உள்ளது என மீண்டும் கேட்டபோதுதான், திருவண்ணாமலையே அது எனத் தெரிந்தது. புராணப் பெயராகவே அறிந்திருந்த இடம், போய்வரக்கூடிய ஊராக அவருக்கு மாறியது அக்கணத்தில்தான். போய்வந்தவர் ஒருவரை எதிரே கண்டதால் நேர்ந்த மாற்றம் அது.

1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். புறப்படுமுன் பழைய நிலப்படப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என முடிவு செய்து, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு அவ்வூருக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நேரே செல்லும் கிளைப்பாதை அதற்குள் போடப்பட்டிருந்தது. அப்புத்தகமோ அதை அறியாத காலத்தில் அச்சானது. ஓடும் ரயிலில் உடன் வந்த வெண்தாடி மௌலவி ஒருவரே, திண்டிவனம் போகத் தேவையில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் போதும் என்று திருத்தினார். அச்சிட்ட படம் பிழைபட்டபோது வழித்துணையின் வாய்ச்சொல் சரியாக இருந்த நிகழ்வுகளுள் தமிழகத்தில் மிகுதியும் எழுதப்பட்டது இதுவாகவே இருக்கும். மௌலவியின் செய்தியை அருள் நிகழ்வாகக் கொள்ளும் பக்தர்கள் உண்டு. அடிக்கடி அவ்வழியே போய்வரும் ஒருவர் சிறுவனுக்குச் சொன்ன நடைமுறைச் செய்தியாக அதைக் கொள்வதாலும் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

விடியுமுன் மூன்று மணிக்கு விழுப்புரத்தில் இறங்கிய வேங்கடராமன், கூச்சத்தால் எவரிடமும் வழி கேட்காமல், வழிகாட்டிப் பலகைகளைப் படித்தபடியே ஊரைச் சுற்றினார். கையிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரை செல்லவே போதியதாக இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ பத்து மைல் நடந்து அறையணிநல்லூர்க் கோயிலையும், பிறகு கீழூரையும் அடைந்து, கீழூரில் தம் காதுக் கடுக்கன்களை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கினார். பதினாறு வயதுச் சிறுவன் இப்பயணத்தில் இடர்ப்பட்ட இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், கேட்டுத் தெரிந்துகொண்ட பகுதி எளிதாகவும், கேளாமல் தானே கண்டறிய முயன்ற பகுதி கடினமாகவும் அமைந்திருப்பது புலப்படும்.

அவர் பிறந்த ஊருக்கு ரயில் வர அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையை இணைக்கும் மீட்டர்கேஜ் பாதை 1960-களில்தான் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் பின்னர் மூடப்பட்டு, 2013-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பேருந்தே இச்சீமையின் ஊர்தியாக இருந்தது. பாதைகள் சிலவற்றைச் சீமைக் கருவேலம் மூடியது. நடப்பார் இன்றிச் சுமைதாங்கிக் கற்கள் புதர்களுக்குள் மறைந்தன. வழிச்செய்தி தேநீர்க் கடைக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடம்பெயர்ந்தது.

பயணத்தின் திசையும் ஓரளவு திரும்பியிருக்கிறது. 1934-இல் பால் பிரண்டன் எழுதிய ஆங்கில நூல் ரமணரை வெளிநாட்டார்க்கு அறிமுகப்படுத்திய பிறகு, திருவண்ணாமலைக்கு வருவோரில் சிலர் மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டையும், சுந்தர மந்திரம் எனப் பெயரிடப்பட்டுள்ள திருச்சுழிப் பிறப்பிடத்தையும் காணத் தெற்கே வருகின்றனர். பெருநகருக்கு வழி கேட்டுப் புறப்பட்ட சிற்றூரிடமே பெருநகரங்களிலிருந்து வந்தோர் வழி கேட்கின்றனர். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக வருவதா, அருப்புக்கோட்டை சென்று அங்கிருந்து கிழக்கே திரும்புவதா என்ற கேள்விக்கு, இறங்கிய இடத்தில் நிற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கேற்ப விடை கிடைக்கும்.