முகம் தெரிந்த தங்கம்

ஆற்றுமண்ணில் அகப்படும் தங்கத்துக்குப் பெயர் கிடையாது. உருக்கி வார்த்துவிட்டால், நேற்று யார் கையில் இருந்தது என்று கேட்கவே முடியாது. ஆனால் சார்ல்ஸ் மார்கன் பிளெஸ்ஸிங் தன் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த ஊசியின் தலையில் இருந்தது உருக்காத கட்டி. ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் அதில் ஒரு மனித முகம் தெரியும். அந்த முகம்தான் அவருக்குச் சாட்சி சொன்னது.

1866. இன்றைய கனடாவின் மேற்கு ஓரம், பிரிட்டிஷ் கொலம்பியா. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1862 ஆகஸ்டில், பில்லி பார்க்கர் என்பவர் கரிபூ மலைகளில் வில்லியம்ஸ் ஓடைக்கரையைத் தோண்டி, ஐம்பத்திரண்டு அடி ஆழத்தில் தங்கம் கண்டிருந்தார். அந்தக் குழியைச் சுற்றி எழுந்த ஊர்தான் பார்க்கர்வில். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். அங்கே போக ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறையைக் குடைந்து, யேல் என்ற ஊரிலிருந்து சுமார் 650 கிலோமீட்டருக்கு வண்டிப்பாதை போட்டிருந்தார்கள். அந்தப் பாதையில்தான் ஊசி புறப்பட்டது.

பிளெஸ்ஸிங்குக்கு வழித்துணையாக அமைந்தவர் வெலிங்டன் டெலேனி மோசஸ். கறுப்பினத்தவர். கலிஃபோர்னியாவில் தம் மக்களை நெருக்கிய சட்டங்களுக்குத் தப்பி 1858-இல் வடக்கே வந்தவர்களில் ஒருவர். தொழில் முடிதிருத்துவது. வழுக்கைக்குத் தானே தைலம் காய்ச்சி, பத்திரிகையில் விளம்பரம் போட்டு விற்றவர். போகும் வழியில் பிளெஸ்ஸிங் அவரிடம், எனக்கு ஏதாவது நேர்ந்தால் என் பெயரை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஊருக்குப் போகிற தனிமனிதனின் பயம் அது.

குவெனெல் என்னும் இடத்தில் மோசஸுக்கு ஒரு வேலை இருந்தது, தங்கிவிட்டார். பிளெஸ்ஸிங் காத்திருக்கவில்லை. ஜேம்ஸ் பேரி என்ற புதுச் சிநேகிதனோடு முன்னே நடந்தார். பேரியின் கையில் காசில்லை. பிளெஸ்ஸிங்கிடம் இருந்தது.

பார்க்கர்வில் வந்து சேர்ந்தவன் பேரி மட்டும். உங்களோடு வந்தவர் எங்கே என்று மோசஸ் கேட்டதற்கு, கால் நோவென்று பாதியில் திரும்பிவிட்டார் என்றான். பிறகு ஒரு நாள் நடனக் கொட்டகைப் பெண் ஒருத்தியின் உடையில் மோசஸ் அந்த ஊசியைப் பார்த்தார் என்பதுதான் பார்க்கர்வில்லில் இன்றும் சொல்லப்படும் கதை. பேரி கொடுத்த பரிசு. திருப்பிப் பார்த்தால் அதே முகம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மோசஸின் மேல் மதிப்பு பெருகுகிறது. ஊசியை வேறு எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் மனிதர்களின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று வேலை செய்பவர் முடிதிருத்துபவர். துணி போர்த்துமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பத்திரமாக வைப்பது அவர் வேலையோடு சேர்ந்தது. அந்தக் கண்ணுக்குத்தான் அது தப்பவில்லை.

செப்டம்பரில் பாதையோரக் காட்டில் பிளெஸ்ஸிங்கின் உடல் கிடைத்தது. தலையின் பின்புறம் குண்டு பாய்ந்திருந்தது. அதற்குள் பேரி மலையிறங்கி ஓடிவிட்டான். ஆனால் அவன் குதிரைவண்டியை முந்திக்கொண்டு தந்திக்கம்பியில் சேதி போனது. அந்தப் பகுதிக்குத் தந்தி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. யேலில் பிடித்தார்கள். பார்க்கர்வில்லுக்கு மேலே ரிச்ஃபீல்டில் நீதிபதி மாத்யூ பெய்லி பெக்பியின் முன் விசாரணை நடந்தது. 1867 ஆகஸ்டில் தூக்கு. அதே நாள் அதே இடத்தில் பழங்குடி மனிதர் ஒருவரையும் தூக்கிலிட்டார்கள். கதை சொல்லும்போது அவரைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1868 செப்டம்பர் 16-ஆம் தேதி பார்க்கர்வில்லே எரிந்தது. மர வீடுகள், ஒட்டி ஒட்டிக் கட்டியவை. சில மணி நேரத்தில் சாம்பல். உடனே திரும்பக் கட்டினார்கள். தங்கம் வற்ற வற்ற ஆட்கள் குறைந்தார்கள். 1958-இல் மாகாண அரசு ஊரையே எடுத்துப் பழையபடி பராமரிக்கத் தொடங்கியது. 

இன்று கோடையில் அங்கே போனால், வேஷம் கட்டியவர்கள் தெருவில் எதிர்ப்படுவார்கள். நீளப் பாவாடையும் தொப்பியுமாக ஒரு கடைக்காரி, தாடியும் சேறு படிந்த பூட்ஸுமாக ஒரு சுரங்கக்காரர். சீனர் தெருவில் அந்தச் சமூகத்தின் கதை தனியாகச் சொல்லப்படுகிறது. கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக நடப்பார்கள். பலகை நடைபாதை காலடியில் தடதடக்கும். சுரங்கக் கணக்கையெல்லாம் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்கலாம். ஆனால் ஓர் ஆள் எதிரே நின்று தன் கழுத்தில் விரலை வைத்து, இங்கேதான் குத்தியிருந்தார் என்று சொன்னால், கேட்கிறவரின் கையும் தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போகும். அதற்குத்தான் வேஷம் வேண்டியிருக்கிறது.

வேஷத்தால் கெடுதலும் உண்டு. பழைய பாதையில் மேலேறினால் ரிச்ஃபீல்ட் நீதிமன்றக் கட்டடம் வரும். 1882-இல் கட்டியது. அங்கே ஒருவர் பெக்பியாக அமர்ந்து வழக்கு நடத்துவது பார்க்கர்வில் வழக்கம். இதே பெக்பிதான் 1864-இல் சில்கோட்டின் என்னும் பழங்குடியின் தலைவர்கள் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். அமைதிப் பேச்சு என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். 2018-இல் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். பெக்பியின் அங்கியைப் போட்டுக்கொள்கிறவர் இந்த ஐந்து பேரையும் சேர்த்தே சுமக்க வேண்டும். சிரிக்க வைக்கிற நீதிபதியாக மட்டும் அவரைக் காட்டினால், கொலையுண்ட ஒருவருக்கு நியாயம் கேட்டுக்கொண்டே, தூக்கிலிடப்பட்ட ஐவரை மறைக்கிறோம்.

மோசஸ் ஊசியை அடையாளம் கண்டதோடு நிற்கவில்லை. பிளெஸ்ஸிங் விழுந்து கிடந்த இடத்திலேயே கல்லறை எழுப்ப முன்னின்றார். வேலி போட்டு, தலைமாட்டுப் பலகையில் பெயரும், ஒஹாயோக்காரர் என்பதும், வயது முப்பது என்பதும், 1866 மே 31 என்ற தேதியும் பொறிக்கப்பட்டன. வழியில் கேட்டுக்கொண்டபடி பெயர் நின்றது.

குவெனெலிலிருந்து பார்க்கர்வில் போகும் நெடுஞ்சாலையோரம், மரங்களுக்கு நடுவில், அந்தச் சின்ன வேலி இன்றும் இருக்கிறது. மேலே போகும்போது பெயர் தெரியாமல் தாண்டிவிடுவீர்கள். திரும்பும்போது வண்டியை நிறுத்துங்கள்.