தானத் தோட்டத்தில் என்ன பயிரிடுவது? மூன்று அமெரிக்கக் கதைகள்

சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விளைவதையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகவே இளைஞர்கள் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே "என்ன பயிரிடலாம்?" என்ற கேள்வி வரும். ஆர்வத்தில் இருபது பெயர் சொல்வார்கள். காலிஃபிளவர் வரும், ஸ்ட்ராபெரியும் வரும். வீட்டுத் தோட்டம் பொய்த்தால் நமக்கு மட்டும்தான் ஏமாற்றம். தானத் தோட்டம் பொய்த்தால், அதை நம்பியிருந்த ஒருவரின் தட்டு காலியாக இருக்கும். ஆகவே இது விளையாட்டான கேள்வி அல்ல. அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேலாகப் பலர் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்களில் மூவரின் கதையைச் சொல்கிறேன்.

முதல் கதை டெட்ராய்ட் நகரத்தில் நடந்தது. 1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்போது நகர மேயராக இருந்தவர் ஹேசன் பிங்கிரி. காலணித் தொழிற்சாலை நடத்தி முன்னுக்கு வந்தவர். ஊரில் சும்மா கிடந்த காலி மனைகளை உரிமையாளர்களிடம் இரவலாகக் கேட்டு வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. தேவாலயங்களில் திரட்டிய நன்கொடையும் சொற்பம். பிங்கிரி தன் குதிரையையே ஏலம் விட்டுப் பணம் சேர்த்தார். 1894இல் சுமார் 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் பயிர் செய்தன.

அவர்கள் நட்டவற்றில் முதலிடம் உருளைக்கிழங்குக்கு. அடுத்து பீன்ஸ், டர்னிப். காரணம் எளிமையானது. வேலை தொடங்கவே ஜூன் மாதம் ஆகிவிட்டது, தாமதமாக நட்டாலும் இவை கைகொடுக்கும். பழக்கமில்லாத கைக்கும் விளையும். உருளைக்கிழங்கை நிலவறையில் போட்டு வைத்தால் பனிக்காலம் முழுவதும் சாப்பிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குடும்பங்களில் பல போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியவை. உருளைக்கிழங்கை எப்படிச் சமைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செலவைப்போலச் சில மடங்கு மதிப்புள்ள விளைச்சல் கிடைத்தது. கேலி செய்த வாய்கள் அடங்கின. பஃபலோ, ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்கள் அதே வழியில் இறங்கின.

இரண்டாவது கதை குழந்தைகளுடையது. 1902இல் நியூயார்க்கின் மேற்குப் பகுதியில், குப்பைமேடாகக் கிடந்த ஒரு பூங்கா நிலத்தில் ஃபேனி பார்சன்ஸ் என்ற அம்மையார் சிறுவர் பண்ணையைத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி. முள்ளங்கி, லெட்டூஸ் கீரை, பீன்ஸ், பீட்ரூட், சோளம் போன்றவை அங்கே வளர்ந்தன. வகுப்பறையில் நின்றவர்களுக்கு இந்தத் தேர்வின் அருமை புரியும். முள்ளங்கி நாலைந்து நாளில் முளைக்கும், ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை இரண்டாம் வாரமே வராமல் நின்றுவிடும். முதல் முள்ளங்கியைக் கையில் பிடித்த பிள்ளைதான் பீட்ரூட்டுக்குக் காத்திருக்கும்.

முதல் உலகப் போரின்போது இந்த முயற்சி நாடு முழுவதும் பரவியது. அமெரிக்கக் கல்விப் பணியகம் "பள்ளித் தோட்டப் படை" ஒன்றை அமைத்தது. லட்சக்கணக்கான மாணவர்கள் சேர்ந்தார்கள். அணி, தலைவன், சட்டையில் குத்தும் சின்னம் என்று எல்லாம் ராணுவ முறையில் நடந்தது. போர் முடிந்ததும் நிதி நின்றது, படையும் கலைந்தது.

பள்ளித் தோட்டங்களுக்கு அங்கே எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. பயிர் நன்றாக வளரும் கோடைக்காலம்தான் பள்ளி விடுமுறைக் காலம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பயிர்களை இரண்டாகப் பிரிப்பார்கள். முள்ளங்கி, லெட்டூஸ், பட்டாணி ஆகியவை விடுமுறைக்கு முன்பே அறுவடையாகிவிடும். உருளைக்கிழங்கும் பரங்கிக்காயும் கோடையில் அதிகக் கவனிப்பு கேட்காமல் வளர்ந்து, பள்ளி திறந்தபின் பறிக்கக் காத்திருக்கும். பீன்ஸ் அப்படியல்ல. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிப்போய், செடி காய்ப்பதையே நிறுத்திவிடும். ஆள் இருந்தால் பீன்ஸ், ஆள் இல்லாவிட்டால் பரங்கி.

மூன்றாவது கதை நம் காலத்தது. 2008இல் தென் கரோலினா மாநிலத்தின் சம்மர்வில் ஊரில் கேட்டி ஸ்டாக்லியானோ என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளியில் கொடுத்த ஒரு முட்டைக்கோஸ் நாற்றை வீட்டில் நட்டாள். அது 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ எடைக்கு வளர்ந்தது. அவள் அதை ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு சமையற்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஒரே முட்டைக்கோஸ் 275 பேருக்கு உணவானது. அதிலிருந்து பிறந்த 'கேட்டீஸ் க்ராப்ஸ்' அமைப்பு, விளைச்சல் முழுவதையும் தானம் செய்யும் தோட்டங்களைத் தொடங்கச் சிறுவர் சிறுமியருக்கே உதவித்தொகை கொடுக்கிறது.

அந்த நாற்று ராட்சதக் காய் தரும் ரகம். ஆனாலும் அதன் பெருமை எடையில் மட்டும் இல்லை. முட்டைக்கோஸ் கசங்காமல் வண்டியில் போகும், சில நாள் வைத்தாலும் கெடாது, பெரிய அண்டாவில் எளிதாக வேகும். பழுத்த தக்காளியும் நிறையக் காய்க்கும்தான். ஆனால் பறித்த ஓரிரு நாளில் சமையற்கூடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் குப்பைக்குத்தான் போகும்.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், விதை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பழகாத கைக்கு விளையுமா? நம் பிள்ளைகள் வரக்கூடிய நாட்களுக்குள் அடங்குமா? சாப்பிடுபவரிடம் போய்ச் சேரும்வரை தாங்குமா? அவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்களா? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வாங்குபவர் ஏழை என்பதால் கொடுத்ததைச் சாப்பிடட்டும் என்று நினைப்பது தானம் ஆகாது. முதலில் அந்தச் சமையற்கூடத்துக்குப் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வந்து பாத்தி கட்டட்டும்.

நான்கு கேள்விக்கும் தேறுகிற காய் மூன்றோ நான்கோதான் இருக்கும். முதல் ஆண்டுக்கு அவை போதும். ஸ்ட்ராபெரி அடுத்த ஆண்டு வரட்டும்.

உங்கள் வீட்டில் இப்படித் தோட்டம் போட நினைக்கும் பிள்ளைகள் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.